வேப்பங்கட்டையை உத்திரமாக்குவது எப்படி: கோடாலி, வாய்ச்சி வேலைக்கு ஒரு முழு வழிகாட்டி

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீடு எதிலாவது மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். உத்திரத்தின் அடிப்பக்கத்தில் மீன் செதில் அடுக்கியது போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். அடுப்புப் புகை படிந்து கறுத்திருந்தாலும், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அவை வாய்ச்சி என்ற தச்சுக் கருவி விழுந்த தடங்கள். ரம்பமே படாமல், கோடாலியாலும் வாய்ச்சியாலும் மட்டும் சதுரம் எடுத்த, அதாவது உருண்டைக் கட்டையை நாலு முகமாகச் செதுக்கிய மரம் அது.

எங்கள் வீட்டில் அப்படி ஓர் உத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது. அதே ஆண்டு ஆடிக் காற்றில் கொல்லையில் நின்ற வேம்பு சாய்ந்தது. மரம் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. ஆனால் டிராக்டர் நுழைய முடியாத சந்து. மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக வழியில்லை. சரி, கிடக்கிற இடத்திலேயே சதுரம் எடுத்துவிடுவோம் என்று இறங்கினேன். முதல் கட்டை பாழ். அது இன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்கு அண்டைக்கட்டையாகக் கிடக்கிறது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி இரண்டாவது கட்டையிலும், ஊரில் தச்சு வேலையிலிருந்து ஓய்ந்துபோன ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திட்டியதிலும் கற்றுக்கொண்டது.

எந்த மரம், எப்போது

மதுரையைச் சுற்றி எளிதில் கிடைப்பவை வேம்பு, வாகை, நாட்டுக் கருவேலம், பூவரசு, புளி. கோடாலிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். வேம்பின் சிவந்த வைரப்பகுதியைக் கறையான் சுலபத்தில் தொடாது. ஆனால் அதன் இழை நேராக ஓடாமல் ஒரு பக்கமும் மறுபக்கமுமாகப் பின்னிக் கிடக்கும். வாகையும் அப்படித்தான், வைரம் கருந்தவிட்டு நிறத்தில் அழகாக இருக்கும். நாட்டுக் கருவேலம் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் போன மரம், உழைப்பு அதிகம். அதில் பத்தடி நேர்க்கட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். பூவரசு வெட்ட இதமானது, ஆனால் நீளம் வராது. சீமைக் கருவேலம் எங்கே பார்த்தாலும் நிற்கிறது. கோணலும் கணுவுமாக இருப்பதால் உத்திரத்துக்கு ஆகாது, கரிமூட்டத்துக்குத்தான்.

பனை வேறு கதை. அதற்கு வைரம் வெளியே, சோறு என்னும் மென்மையான பகுதி உள்ளே. அதைச் சதுரம் எடுக்கக் கூடாது. ஆப்பு வைத்து நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கித் தள்ளிச் சட்டமாக்க வேண்டும். நம் பக்கத்து ஓட்டு வீடுகள் பலவற்றில் கைமரம், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம், பனைதான். ஆனால் இனி நினைத்தபடி வெட்ட முடியாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பனையை விடுங்கள், சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவை உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வெட்டுவதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். கண்மாய்க்கரை மரமும் சாலையோர மரமும் உங்களுடையவை அல்ல. சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்டுவது உங்கள் கையில் இருந்தால் தை, மாசி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை நின்று, மரம் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விடுவதற்கு முந்திய காலம் அது. தேய்பிறையில் வெட்டினால் வண்டு விழாது என்பார்கள். நான் சோதித்துப் பார்த்ததில்லை, ஆனால் தாத்தா அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். வேம்பில் ஆத்தா குடியிருப்பதாக நம்பும் ஊர் எங்களுடையது. சாய்ந்த மரமாக இருந்தும் அம்மா மஞ்சள் தெளித்து ஒரு சூடம் கொளுத்திய பிறகுதான் கோடாலியைத் தொட விட்டார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பச்சையாக இருக்கும்போதே சதுரம் எடுங்கள். காய்ந்த வேம்பில் கோடாலி கருங்கல்லில் விழுந்த மாதிரி துள்ளும்.

எவ்வளவு பருமன் வேண்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டையின் அடிப்பக்கம் தடியாக இருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. உத்திரத்தின் அளவை முடிவுசெய்வது நுனிப்பக்கம்தான்.

நான் எடுத்தது 6 அங்குல அகலம், 8 அங்குல உயரம், 10 அடி நீளம். இந்த அளவில் ஒரு வசதி இருக்கிறது. மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 10 அங்குலம். மூன்று, நான்கு, ஐந்து என்று மூலை பார்க்கும் கொத்தனார் கணக்கேதான், இரண்டால் பெருக்கியது. ஆக, பட்டை நீக்கிய பிறகு நுனியின் குறுக்களவு 10 அங்குலமாவது இருக்க வேண்டும். கணு, கோணல், கை தவறுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 11½ வைத்துக்கொண்டால் நிம்மதி. நூலால் சுற்றி அளந்தால் 36 அங்குலம். மூலையில்கூட வெளுத்த மரம் வரக் கூடாது, முழுக்க வைரமாக வேண்டும் என்றால் 42 அங்குலம் தேடுங்கள். வண்டு முதலில் விழுவது அந்த வெளுத்த பகுதியில்தான்.

ஏன் சதுரமாக 7-க்கு 7 எடுக்கவில்லை? 10 அங்குல வட்டத்துக்குள் அடங்கும் பெரிய சதுரம் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆனால் உத்திரம் முறியாமல் தாங்கும் பலத்துக்கு அகலத்தை உயரத்தால் ஒரு முறை அல்ல, இரு முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். 7, 7, 7 பெருக்கினால் 343. 6, 8, 8 பெருக்கினால் 384. மரம் சற்றுக் குறைவு, பலம் கூடுதல். அதே உத்திரத்தைப் படுக்கப் போட்டால் 8, 6, 6, வெறும் 288. ஆகவே வைக்கும்போது 8 அங்குலம் செங்குத்தாக நிற்கட்டும். வட்டத்திலிருந்து மிகப் பலமான உத்திரம் எடுக்க ஒரு வழி உண்டு. குறுக்களவுக் கோட்டை மூன்றாகப் பிரித்து, ஒரு புள்ளியிலிருந்து மேலேயும் மறு புள்ளியிலிருந்து கீழேயும் செங்குத்தாகக் கோடிழுத்து, அவை வட்டத்தைத் தொடும் இடங்களையும் குறுக்களவின் இரு முனைகளையும் சேர்த்தால் வரும் நாற்கரம்தான் அது. அகலமும் உயரமும் கிட்டத்தட்ட 5-க்கு 7 என்று வரும்.

மரக்கடையில் உருட்டுக் கட்டை வாங்கினால் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். நடுவில் 40 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் அந்தக் கணக்கில் சுமார் 7 கன அடி. உண்மையில் மரம் 8¾ கன அடிக்கு மேல் இருக்கும். கடைசியில் உங்கள் கையில் நிற்கும் உத்திரம் 3⅓ கன அடி. மீதி எல்லாம் சிராய். வீட்டில் இரண்டு மாதத்துக்கு விறகுப் பஞ்சம் இல்லை. பச்சை மரம் கன அடிக்கு 30 கிலோ என்று வைத்தாலும் கட்டை 260 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆளாக உருட்ட நினைக்காதீர்கள். கடப்பாரை இரண்டும் ஆள் இரண்டும் வேண்டும்.

கருவிகள்

கோடாலி இரண்டு இருந்தால் உத்தமம். ஒன்று கனமானது, இரண்டு கிலோ அளவில், வெட்டு வாய் (குறுக்கே ஆழமான பள்ளம்) போடவும் துண்டு பெயர்க்கவும். இன்னொன்று இலேசானது, அகன்ற வாய் கொண்டது, கோட்டை ஒட்டிச் செதுக்க. ஐரோப்பாவில் இந்த இரண்டாவது வேலைக்கென்றே ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் அடித்த அகலக் கோடாலி உண்டு. காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். நம் ஊரில் அந்த வேலையை வாய்ச்சி செய்கிறது. மண்வெட்டி போல வாய் குறுக்காக அமைந்த கருவி அது. கைப்பிடி குட்டை, குந்தி உட்கார்ந்து ஒரு கையால் ஓட்டலாம்.

கடையில் வாங்குவதைவிடக் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குவதே என் விருப்பம். லாரி வில்பட்டையில் அடித்துப் பதம் வைத்தது வருடக்கணக்கில் உழைக்கும். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். காம்புக்குப் புளி, விளா, நாட்டுக் கருவேலம், உசிலை எதுவும் ஆகும். உசிலம்பட்டிக்கே பேர் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த உசிலைதான். காம்பில் இழை குறுக்கே ஓடக் கூடாது. தலைப்பக்கம் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். மதுரை வெயிலில் காம்பு சுருங்கிக் கோடாலித் தலை ஆடும். முந்தின இரவு தலையோடு தண்ணீரில் போட்டு வைப்பது அன்றைக்குச் சமாளிக்க உதவுமே தவிர, காய்ந்ததும் மறுபடி ஆடும். புது ஆப்பு அடிப்பதுதான் சரி.

வாயைக் கூர்ப்படுத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அரத்தால் சரிவை ஒழுங்காக்கி, பிறகு தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்து, கை ரோமம் மழிக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெல்டிங் பட்டறைக்காரர் சுழலும் கல்லில் ஒரு நிமிடத்தில் முடித்துத் தருவார். ஆனால் வாய் ஓரம் நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, பிறகு உலையில்தான் வைக்க வேண்டும். நான் வேலைக்கு நடுவே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கல்லில் தீட்டினேன். அந்த இடைவெளியில் முதுகுக்கும் ஓய்வு.

இவை தவிர ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், அளவு நாடா, நல்ல பருத்தி நூல், நனைத்த காவி அல்லது கரித்தூள். ஒரே அளவில் நேராக இழைத்த சட்டக்கோல் இரண்டு. இது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

காலில் மூடிய கனமான செருப்போ பூட்ஸோ போடுங்கள். வேட்டி, லுங்கி வேண்டாம். சிராய் நாலைந்து அடி பறக்கும், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைத் திண்ணையோடு நிறுத்துங்கள்.

படுக்கை போடுதல்

கட்டையைத் தரையில் வைத்து வெட்டக் கூடாது. கோடாலி மண்ணைத் தொட்ட மறுகணம் அன்றைய கூர் காலி. அரையடி தடிப்பில் இரண்டு குறுக்குக் கட்டைகள் போட்டு, அவற்றின் நடுவில் ஆங்கில வி போலக் குழித்து, அதன்மேல் ஏற்றுங்கள். கட்டையின் இரு முனையிலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே படுக்கைகள் இருக்கட்டும்.

எந்த மரமும் கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும். வில்லின் முதுகு வானத்தைப் பார்க்கும்படி கட்டையை உருட்டி நிறுத்துங்கள். இதற்கு இரண்டு காரணம். மேலிருந்து பார்த்தால் அப்போது கட்டை நேராகத் தெரியும், நூல் அடிக்க வசதி. வீட்டில் ஏற்றும்போதும் அதே முதுகு மேலே வந்தால், பாரத்தில் உத்திரம் தொய்வதற்கு முன் நேராகும்.

நிறுத்தியதும் இருபுறமும் ஆப்பு செருகி, இரு நுனியும் மடங்கிய இரும்பு ஆணிகளால் படுக்கையோடு சேர்த்து அடித்துவிடுங்கள். ஆசாரிகள் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் கம்பியை மடக்கிப் பட்டறையில் கூராக்கி வாங்கலாம். அசையவே கூடாது. ஏனென்றால் அடுத்த வேலை கோடு.

கோடு

மொத்த வேலையில் உத்திரம் உருவாவது இங்கேதான். கோடாலி அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவுதான். நான் முதல் கட்டையை வீணாக்கியதும் இந்த இடத்தில்தான். சாயங்காலம் ஒரு முனையில் கோடு போட்டுவிட்டு, மறு முனையை மறுநாள் காலையில் போட்டேன். ராத்திரி ஆப்பு நெகிழ்ந்து கட்டை அரை அங்குலம் உருண்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் வெட்டி முடித்த பிறகு பார்த்தால் உத்திரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தாத்தா ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “ஏப்பா, இதை முறுக்குக் கடைக்குக் கொடுத்துரு” என்றார்.

ஆகவே இரு முனைக் கோட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். முதலில் முனைகளை ரம்பத்தால் சமமாக அறுத்து, வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசுங்கள், கோடு பளிச்சென்று தெரியும். நுனிமுனையில் நல்ல மரத்தின் நடுவைக் கண்டுபிடியுங்கள். அது வளையங்களின் மையமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மரத்தின் நடுத்தண்டு உத்திரத்தின் நடுவை ஒட்டி அமைந்தால் காயும்போது கோணுவது குறையும். அந்தப் புள்ளி வழியாகத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் செங்குத்துக் கோடு போடுங்கள். ரசமட்டம் வைத்துப் படுக்கைக் கோடு போடுங்கள். செங்குத்துக் கோட்டுக்கு இருபுறமும் 3 அங்குலம், படுக்கைக் கோட்டுக்கு மேலும் கீழும் 4 அங்குலம். நாலு மூலையும் கிடைத்துவிட்டது. மூலைக்கு மூலை 10 அங்குலம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். அடிமுனையிலும் அப்படியே. இரு முனையிலும் செங்குத்து உண்மையான செங்குத்தாக இருந்தால் உத்திரம் முறுக்காது.

பச்சை மரம் காய்ந்து சுருங்கும் என்பதால் நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் கால் அங்குலம் கூடுதலாக விட்டே கோடு போட்டேன். மேலே சொன்ன 11½ அங்குலத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

அடுத்து, நூல் ஓடும் தடத்தில் மட்டும் இரண்டு விரல்கடை அகலத்துக்குப் பட்டையை உரியுங்கள். பச்சை வேம்பில் அருவாள்முனையை நுழைத்து நெம்பினால் நாரோடு வந்துவிடும். காவியில் நனைத்த நூலை ஒரு முனைப் புள்ளியிலிருந்து மறு முனைப் புள்ளிக்கு இறுக்கிப் பிடித்து, நடுவில் நேர் மேலே தூக்கிச் சுண்டுங்கள். நேர் மேலே என்பதுதான் முக்கியம். உருண்டை மரத்தில் நூலைச் சற்றே சாய்த்து இழுத்தாலும் கோடு வளைந்து விழும். வளைவு அதிகமாக இருந்தால் முதுகின் உச்சியில் ஒருவர் கட்டைவிரலால் நூலை அழுத்திப் பிடிக்க, இரு பாதியையும் தனித்தனியாகச் சுண்டலாம். ஒரே கோட்டை இரண்டு முறை அடிக்காதீர்கள். இரட்டைக் கோட்டில் எது சரி என்று வெட்டும்போது தெரியாது. தவறினால் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

வெட்டு வாய் போடுதல்

இப்போது கட்டையின் மேல்முகத்தில் 6 அங்குல (கூடுதல் விட்டிருந்தால் 6½) இடைவெளியில் இரண்டு கோடுகள். முதலில் இரண்டு பக்கவாட்டு முகங்களை எடுக்கப் போகிறோம். என் கட்டையில் நுனியில் ஏறத்தாழ 2½ அங்குலமும் அடியில் 4 அங்குலம் அளவும் ஒவ்வொரு பக்கமும் போக வேண்டியிருந்தது. இதை மேலோடு சீவிக்கொண்டே போனால் ஒரு மாதம் ஆகும். முறை வேறு.

கனமான கோடாலியால் ஒன்றேகால் அடிக்கு ஒரு வெட்டு வாய் போட்டுக்கொண்டே போங்கள். மேலே அகலமாக, உள்ளே குறுகலாக. ஆழம் கோட்டைத் தொடுவதற்கு அரை அங்குலம் முன்பே நிற்கட்டும். மேலே மட்டுமல்ல, கீழ்வரைக்கும் அதே ஆழம் வருகிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டும். பழகாத கைக்குக் கோடாலி தானாகவே உள்பக்கம் சாயும். மேலே சரியாக இருக்கும், கீழே உத்திரத்தைத் தின்றிருக்கும்.

கணு இருக்கும் இடத்தில் அதன் இருபுறமும் வாய் போடுங்கள். கணுவின்மேலேயே கோடாலியை விட்டால் அதன் கூர் பல்லிளிக்கும்.

பிறகு இரண்டு வாய்களுக்கு நடுவில் உள்ள துண்டை மேலிருந்து இழைவாக்கில் அடித்துப் பெயர்க்க வேண்டும். நேரிழை மரத்தில் ஒரே அடியில் பலகை போலப் பெயர்ந்து விழும், அதைப் பார்ப்பது ஒரு சுகம். வேம்பிலும் வாகையிலும் அந்தச் சுகத்தை நம்பாதீர்கள். பின்னிய இழை பிளவை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. இவற்றுக்கு வாய்களை அரையடிக்கு ஒன்றாக நெருக்கிப் போட்டு, பாதி பாதியாக இரண்டு தடவையில் பெயர்ப்பதே பாதுகாப்பு. நான் ஒன்றேகால் அடியில் ஆரம்பித்து, இரண்டாவது துண்டு கோட்டுக்கு உள்ளே போய்ப் பிளந்த பிறகு அரையடிக்கு வந்தேன்.

கோட்டுக்குக் கொண்டுவருதல்

எந்தத் திசையில் வெட்டுவது? மரம் அடியில் தடித்து நுனியில் மெலிகிறது. இழை வெளித்தோலை ஒட்டித்தான் ஓடும். நாம் எடுக்கும் முகமோ நடுவுக்கு இணையாக நேராகப் போகிறது. அதனால் அடியிலிருந்து நுனிக்கு வெட்டினால் பிளவு உத்திரத்துக்குள் இறங்கும். நுனியிலிருந்து அடிக்கு வெட்டினால் பிளவு வெளியே, கழிவுக்குள் ஓடிவிடும். ஆகவே நுனியிலிருந்து அடியை நோக்கி. இது பொதுவிதி. பின்னிய இழை மரத்தில் ஓரிடத்தில் மரம் செதில் செதிலாகப் பிய்ந்து எழும்பினால் பிடிவாதம் பிடிக்காமல் அந்த முழ நீளத்துக்கு மட்டும் திசையைத் திருப்புங்கள்.

துண்டுகள் போன பிறகு முகம் மேடுபள்ளமாக நிற்கும். இலேசான கோடாலியால் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு மெல்லிய கீறல் வெட்டு, கோட்டுக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விட்டு. பிறகு அதே கோடாலியை ஏறத்தாழ செங்குத்தாக இறக்கி அந்தக் கீறல்களுக்கு நடுவில் இருப்பதைச் சீவுங்கள். தோளுக்கு மேலே தூக்கி ஓங்க வேண்டியதில்லை. முழங்கை உயரத்திலிருந்து கோடாலியின் கனத்தை விழவிட்டால் போதும், கை வழிகாட்டினால் சரி. கால் எப்போதும் கட்டைக்கு அந்தப்பக்கம் அல்லது வெட்டு விழும் கோட்டுக்குப் பின்னால். ஒரு முறை கோடாலி கணுவில் வழுக்கி என் பூட்ஸின் நுனித் தோலைச் சீவியது. அன்று மத்தியானத்துக்கு மேல் வேலை பார்க்கவில்லை. களைத்த பிறகு வெட்டக் கூடாது என்பதை அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டின் பாதி காவி மரத்திலேயே மிச்சம் நிற்கட்டும். கோடு முழுக்கப் போய்விட்டால் எவ்வளவு தின்றோம் என்று தெரியாது. அடிக்கொரு தடவை தூக்குக்குண்டை முகத்தில் தொங்கவிட்டு, மேலிருந்து கீழ்வரை நூல் ஒரே இடைவெளியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு பக்கவாட்டு முகமும் முடிந்ததும் ஆணிகளைக் கழற்றிக் கட்டையைக் கால் சுற்று உருட்டுங்கள். செதுக்கிய முகம் கீழே தட்டையாக உட்காரும். அது மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தில் பார்த்து, மெல்லிய ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள். இப்போது மேலே இருப்பதும் தட்டை முகம், நூல் அடிப்பது குழந்தை விளையாட்டு. 8 அங்குல (கூடுதலோடு 8½) இடைவெளியில் இரண்டு கோடு. இந்த முறை நுனியில் 1½ அங்குலமும் அடியில் 3 அங்குலமும்தான் போக வேண்டும். முந்தைய வேலையில் பாதி நேரம்.

முறுக்கு பார்த்தல்

இங்கேதான் அந்த இரண்டு சட்டக்கோல்கள். உத்திரத்தின் மேல்முகத்தில் ஒரு முனையில் ஒன்று, மறு முனையில் ஒன்று, குறுக்காக வையுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் இருக்கும் கோலின் மேல்விளிம்போடு பின்னால் இருப்பதன் மேல்விளிம்பு ஒன்றுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அந்த மூலை உயரம். கோல் நீளமாக இருந்தால் சின்னக் கோணலும் பெரிதாகத் தெரியும், அதனால் இரண்டடிக் கோல் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டைக்கு இதை நான் செய்யவே இல்லை.

வாய்ச்சி

வாய்ச்சி பிடிப்பதை எழுதிப் புரியவைப்பது கஷ்டம். முகம் மேலே வரும்படி உத்திரத்தைப் போட்டு, அடிப்பக்கம் குந்தி, நுனிப்பக்கம் பார்த்து உட்காருங்கள். வாய்ச்சி உங்களை நோக்கி வரும்போது வெட்டு நுனியிலிருந்து அடிக்கு ஓடும், நாம் சொன்ன அதே திசை. தோள் அசையாது. மணிக்கட்டும் முழங்கையும் மட்டும். வாய் மரத்துக்குள் இறங்காமல், ஏறக்குறைய படுத்தவாக்கில் வந்து ஒரு வெற்றிலைத் தடிப்புச் சிராயை எடுத்துவிட்டு வெளியேற வேண்டும். ஆரம்பத்தில் என் வாய்ச்சி கொத்திக்கொத்தி நின்றது. “கொத்தாதே, வழி” என்றார் தாத்தா. கஞ்சிப்பானை விளிம்பை விரலால் வழிப்பது போல என்று எனக்குப் பிடிபட அரை நாள் ஆனது.

கால்விரல்களை வாய்ச்சி ஓடும் முகத்தின்மேல் வைக்காதீர்கள். பழகிய ஆசாரிகள் வெறும் காலால் மரத்தை மிதித்துக்கொண்டு பெருவிரலுக்குப் பக்கத்திலேயே வாய்ச்சியை ஓட்டுவார்கள். அவர்கள் முப்பது வருடம் செய்தவர்கள்.

நாலு முகமும் முடிந்ததும் மூலைமட்டத்தை அடிக்கு ஒரு தரம் வைத்துப் பாருங்கள். அரைக்கால் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் ஓட்டு வீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. சுவரில் உட்காரும் இரு முனையும், கைமரம் வந்து உட்காரும் மேல்முகமும் மட்டும் துல்லியமாக இருக்கட்டும். இழைப்புளி போட்டு வழவழப்பாக்கலாம்தான். எனக்கு மனம் வரவில்லை.

காயவைப்பது

செதுக்கிய அன்றே இரு முனைகளிலும் பசுஞ்சாணமும் செம்மண்ணும் குழைத்துத் தடிப்பாக அப்புங்கள், அல்லது பழைய பெயிண்ட் இரண்டு பூச்சு. தண்ணீர் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், அங்கேதான் முதலில் பிளக்கும். எங்கள் பக்கத்தில் வெயிலைவிட ஆடிக் காற்று பொல்லாதது. மேற்கேயிருந்து வீசும் அந்தக் காற்றில் பச்சை மரத்தைத் திறந்தவெளியில் விட்டால் இரண்டே நாளில் விரல் நுழையும் வெடிப்பு. நிழலில், சுவர் மறைவில், தரையிலிருந்து அரையடி உயர்த்தி வையுங்கள். வாரம் ஒரு முறை திருப்பிப் போடுங்கள்.

நடுத்தண்டு உள்ளே இருப்பதால் ஏதாவது ஒரு முகத்திலாவது நீளவாக்கில் ஒரு வெடிப்பு வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். குறுக்கே ஓடினால்தான் கவலை.

கண்மாயில் தண்ணீர் இருந்தால் பழைய முறையையும் செய்யலாம். உத்திரத்தை முழுக்க மூழ்கும்படி ஒன்றிரண்டு மாதம் ஊறப்போடுவது. மரத்தில் உள்ள மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போவதால் பிறகு வண்டு தேடி வருவது குறையும், நிதானமாகக் காயவும் செய்யும். வெளியே எடுக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும், ஒரு வாரத்தில் போய்விடும். ஊறப்போட்டால் கரையில் ஒரு மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் நாலு மாதம் நிழலில் வைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை பூசி, சுவருக்குள் போகும் முனைகளுக்கு மட்டும் மூன்றாவது கை பூசி ஏற்றினேன். முனைகள் சுவரில் முக்கால் அடி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து இறுக்கி மூடாமல் இருபுறமும் விரல்கடை இடைவெளி விட்டேன், காற்றுப் படாத முனைதான் முதலில் மக்கும். பழைய உத்திரத்தை இறக்கும்போது பார்த்தேன், கறையான் புகுந்ததும் அந்த முனை வழியாகத்தான். உங்கள் அறை எட்டரை அடியைவிட அகலமாக இருந்தாலோ மேலே மெத்தைத் தளம் வரப்போகிறது என்றாலோ 6-க்கு 8 போதுமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

உத்திரம் ஏற்றிய அன்று ஆறு பேர் வேண்டியிருந்தது. தாத்தா தூக்க வரவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு உள்ளே வந்து, கைப்பேசி விளக்கை உத்திரத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து முனைக்கு முனை நடந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்று, “இங்கே கொத்தியிருக்கே” என்றார்.